நேற்று வரை நலமாக இருந்த கிளி

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம். மணவாள நகரில் அடைமழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கூண்டைத் திறந்து பார்த்தபோது, மேல் கம்பில் இருக்க வேண்டிய மிட்டு அடித்தட்டில் உட்கார்ந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்து வரவில்லை.

மிட்டு ஆஸ்திரேலிய நாட்டைச் சேர்ந்த சிறு கிளி. தலையில் மஞ்சள் கொண்டையும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டும் உடையது. கடைக்காரர்கள் இதைக் ‘காக்டெயில்’ என்பார்கள். ஐந்து ஆண்டுகள் எங்களோடு இருந்தது. பிரஷர் குக்கரின் விசில் ஓசையை அப்படியே எழுப்பும். மூன்று விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டிய என் மனைவி, மிட்டுவின் விசிலையும் சேர்த்து எண்ணி, வேகாத பருப்பை இறக்கிய நாள்கள் பல உண்டு.

எட்டு வயது மகள் கூண்டருகே வந்து நின்றாள். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, அப்பா?” என்று கேட்டாள்.

வாசகர்களே, கிளி வளர்க்கும் வீடுகளில் என்றாவது ஒருநாள் கேட்கப்படும் கேள்வி இது. கண்ணேறு என்று சிலர் சொல்வார்கள். பூனையைக் கண்டு மிரண்டிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். பறவை மருத்துவன் அல்லன். ஆயினும் இக்கேள்விக்கு உரிய விடையின் பெரும்பகுதி, வெப்பம், பரப்பு, நிறை ஆகிய இயற்பியல் பாடங்களிலேயே அடங்கியிருப்பதைப் பின்னர் உணர்ந்தேன். அதைப் பிந்தி உணர்ந்ததன் விலை ஓர் உயிர். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

மருத்துவர் கேட்ட கேள்வி

திங்கட்கிழமை காலை, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து மிட்டுவை வைத்து, திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டோம். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு ஆடு, மாடு, நாய், பூனைகளோடு பறவைகளும் வருகின்றன.

மருத்துவர் முதலில் கேட்டது: “இதன் எடை எவ்வளவு, சார்?”

“தெரியாது, டாக்டர்.”

“போன மாதம் எவ்வளவு இருந்தது?”

“எடை போட்டதே இல்லை.”

அளக்காத எதைப் பற்றியும் முடிவு கூறாதே என்று ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லும் நான், அன்று தலைகுனிந்து நின்றேன். அவர் மிட்டுவைத் தராசில் வைத்தார். 68 கிராம். இவ்வினக் கிளி பொதுவாக 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். என் விரலைப் பிடித்து அதன் மார்பின் நடுவே வைத்தார். இறகுக்கு அடியில், மார்பெலும்பின் விளிம்பு கத்தி முனைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் இருபுறமும் இருக்க வேண்டிய தசை கரைந்து போயிருந்தது.

“இது ஒருநாள் நோய் இல்லை, சார். பல வாரங்களாக நடந்திருக்கிறது” என்றார்.

எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது நீண்ட குச்சி வடிவான உயிரிகள் தென்பட்டன. இது பறவைகளின் இரைப்பையில் வளரும் ஒருவகை ஈஸ்ட். ‘மேக்ரோராப்டஸ்’ என்று பெயர். அளவில் பெரிய பாக்டீரியா என்றே நெடுங்காலம் இதைக் கருதி வந்தார்கள். காளான் இனத்தைச் சேர்ந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. இந்நோய் கண்ட பறவை தீனிக் கிண்ணத்தருகே நெடுநேரம் இருக்கும். ஆனால் தின்றது செரிக்காது. தின்று தின்றே மெலியும்.

மருந்து கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பினோம். செவ்வாய்க்கிழமை விடியுமுன் மிட்டு இறந்துவிட்டது.

நோயை மறைப்பது ஏன்?

பல வார நோய் எங்கள் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? முதற்காரணம், கிளி வேட்டையாடப்படும் உயிர் என்பது. காட்டில் கூட்டமாகத் திரியும் கிளிகளைப் பருந்தும் வல்லூறும் வானிலிருந்து நோட்டமிடுகின்றன. அவை குறிவைப்பது தளர்ந்த பறவையையே. தளர்ச்சியை வெளியே காட்டும் கிளிகள் இரையாகி, காட்டாதவை தப்பிப் பிழைத்துக் குஞ்சு பொரித்தன. இலட்சக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு நடந்ததன் விளைவாக, இயன்றவரை நலமாகத் தோன்றும் இயல்பு கிளிகளுக்குப் பிறவியிலேயே அமைந்துவிட்டது. கிளி நம்மை ஏமாற்றக் கருதி இப்படிச் செய்வதில்லை. கூண்டில் பருந்து இல்லையென்பது அதன் உடலுக்குத் தெரியாது, அவ்வளவே.

இரண்டாவது காரணம் நம் கண்ணின் குறை. மிட்டுவின் தீனிக் கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருந்தது. ஆனால் அதில் இருந்தவற்றில் பெரும்பகுதி தினையின் உமி. கிளி விதையை அலகால் உடைத்துப் பருப்பைத் தின்று உமியை அங்கேயே போடும். நோயுற்ற கிளியோ சிலவேளை உடைத்த பருப்பையும் விழுங்காமல் நழுவ விடும். தூரத்திலிருந்து பார்த்தால் ‘கிளி தின்கிறது, கிண்ணமும் நிறைய இருக்கிறது’ என்றே தோன்றும். கிண்ணத்தை மெல்ல ஊதிப் பார்த்திருந்தால் உமி பறந்து உண்மை வெளிப்பட்டிருக்கும்.

மூன்றாவதாக, தெரிந்த அறிகுறியையும் தவறாகப் பொருள் கொண்டோம். மிட்டு இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருந்தது. மழைக் குளிர் என்று நினைத்தோம். மகள் அந்த அழகைக் கைப்பேசியில் படம்கூடப் பிடித்திருந்தாள். பின்னர் அந்தப் படத்தின் தேதியைப் பார்த்தேன். இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு எடுத்தது. இறகைச் சிலிர்ப்பதன் பொருள் என்ன என்பதை இனிக் காண்போம்.

சின்னஞ்சிறு உலை

கிளியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம்முடையது 37. சுற்றியுள்ள காற்று 30 டிகிரி இருந்தால் நமக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு 7 டிகிரி; கிளிக்கு 11 டிகிரி. வேறுபாடு மிகுந்தால் வெப்ப இழப்பும் மிகும்.

இதைவிட முக்கியமானது உருவ அளவு. ஒரு பொருள் உண்டாக்கும் வெப்பம் அதன் நிறையைப் பொறுத்தது. இழக்கும் வெப்பம் அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. பொருள் சிறியதாகச் சிறியதாக, ஒரு கிராம் நிறைக்கு உள்ள மேற்பரப்பு கூடுகிறது. பெரிய டம்ளர்த் தேநீரைவிடச் சிறிய டம்ளர்த் தேநீர் விரைவில் ஆறுவது இதனால்தான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோ மனிதர் 90 கிராம் கிளியைப்போல் ஏறத்தாழ 667 மடங்கு நிறை உடையவர். இருவரும் ஒரே வடிவம் எனக் கொண்டால், 667-இன் கனமூலம் ஏறக்குறைய 8.7. அதாவது கிராமுக்குக் கிராம், கிளியின் மேற்பரப்பு நம்முடையதைப்போல் சுமார் ஒன்பது மடங்கு. வடிவமும் இறகும் இக்கணக்கைச் சற்று மாற்றும். ஆயினும் கணக்கு எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதில் ஐயமில்லை. இவ்வளவு வேகமாக வெப்பத்தை இழக்கும் உயிர், அவ்வளவு வேகமாக உணவை எரித்தாக வேண்டும். அதன் இதயம் ஓய்வில்கூட நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் துடிக்கிறது. நாம் ஒருநாள் பட்டினி கிடந்தால் சோர்வோம். இச்சிறு பறவைக்கு ஒருநாள் பட்டினியே உயிருக்கு ஆபத்து.

இப்போது சிலிர்த்த இறகின் பொருள் விளங்கும். இறகுகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இறகைச் சிலிர்த்தால் அக்காற்றுப் படலம் தடிக்கிறது. நாம் கம்பளி போர்த்துவது போலத்தான். குளிரில் சற்று நேரம் சிலிர்ப்பது இயல்பே. ஆனால் பகலில், மற்றவர் குளிரை உணராத வேளையிலும், நாள் முழுதும் பந்துபோல் உட்கார்ந்திருக்கும் கிளி, ‘என் உலைக்கு விறகு போதவில்லை’ என்று சொல்கிறது. மிட்டு பதினோரு நாள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருவழிக் காற்று

கிளிகள் திடீரென்று இறப்பதற்கு மூச்சுமண்டலமும் ஒரு காரணம். நம் நுரையீரல் துருத்தி போன்றது. உள்ளே போன வழியாகவே காற்று வெளியே வருகிறது. பழங்காற்று சிறிது தங்கிப் புதுக்காற்றோடு கலந்துவிடுகிறது. பறவையின் நுரையீரல் விரிந்து சுருங்குவதில்லை. அதன் முன்னும் பின்னுமாகக் காற்றுப் பைகள் உள்ளன; பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது. இவையே துருத்தியாக இயங்கி, நுரையீரலின் நுண்குழாய்கள் வழியே காற்றை ஒரே திசையில் செலுத்துகின்றன. ஒருமுறை இழுத்த காற்று முழுச் சுற்றும் சென்று வெளியேற இரண்டு மூச்சு ஆகிறது. உயிர்வளியைப் பிரித்தெடுப்பதில் நம்மைவிடத் திறமையான அமைப்பு இது. உயரே பறக்க இது உதவுகிறது.

ஆனால் உயிர்வளியைத் திறமையாக எடுப்பது நச்சுக்காற்றையும் திறமையாகவே எடுக்கும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிஞரின் யோசனைப்படி, பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிப் பறவைகளைக் கூண்டோடு கொண்டு சென்றார்கள். கார்பன் மோனாக்சைடு பரவினால் மனிதர் உணருமுன் பறவை தள்ளாடும். இப்பழக்கம் 1986-இல்தான் கைவிடப்பட்டது. நம் வீட்டுக் கூண்டுப் பறவையும் அதே உடலமைப்பு உடையது. கூண்டருகே கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் பூச்சிமருந்துத் தெளிப்பும் கூடா. ஒட்டாத தவாவின் டெஃப்லான் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சூடேறினால், கண்ணுக்குத் தெரியாத நச்சு ஆவியை வெளிவிடும். அதே அறையிலோ அடுத்த அறையிலோ உள்ள பறவை சில நிமிடங்களில் இறக்கக்கூடும். காலித் தவாவை அடுப்பில் மறந்து விடுவது இவ்வளவு கொடிய விளைவைத் தரும் என்பதைப் பலர் அறியார்.

இன்னொன்றும் நினைவிற் கொள்க. பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. மருந்து கொடுக்கும்போது பதற்றத்தில் மார்பைச் சுற்றி இறுகப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தும் கிளி மூச்சுத் திணறும். கழுத்தின் இருபுறமும் மென்மையாகப் பிடித்து, மார்பை விட்டுவிட வேண்டும்.

ஒரு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம்

மறைக்கும் உயிரின் உண்மையை எப்படி அறிவது? கிளி தோற்றத்தை மறைக்கலாம். எடையை மறைக்க முடியாது. சமையலறையில் மாவு நிறுக்கும் மின்னணுத் தராசு போதும்; ஒரு கிராம் வேறுபாட்டைக் காட்டினால் சரி. அதன்மேல் ஒரு சிறு கம்பை நிறுத்தி, கம்பின் எடையைச் சுழியாக்கிவிட்டு, கிளியை அதில் உட்கார வையுங்கள். ஒரு விதை கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் தானே ஏறி உட்காரும். காலையில், முதல் எச்சம் இட்ட பின், தீனி தின்னுமுன், ஒரே நேரத்தில் நிறுக்க வேண்டும். இயன்றால் நாள்தோறும், இல்லையேல் வாரம் இருமுறை. எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

இரண்டொரு கிராம் ஏறி இறங்குவது இயல்பு. ஆனால் வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றே மருத்துவரிடம் செல்க. 90 கிராம் கிளிக்கு 9 கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். அது 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைப்பதற்குச் சமம். நம் வீட்டில் ஒருவர் அப்படி இளைத்தால் வாளா இருப்போமா?

எடையோடு வேறு சிலவற்றையும் கவனியுங்கள். எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: பச்சை அல்லது பழுப்பு நிற மலம், சுண்ணாம்புபோல் வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர். நிறமோ அளவோ மாறினாலும், செரிக்காத விதை முழுதாகத் தென்பட்டாலும் நோய்க்குறி. கூண்டில் நாள்தோறும் வெள்ளைத் தாள் விரித்தால் இது எளிதில் தெரியும். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டாலோ அது அவசர நிலை. எங்களைப்போல் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

மருத்துவரை அடையும்வரை வெப்பமே முதலுதவி. கூண்டின் ஒரு பாதியைத் துணியால் மூடி, வெளியே சிறு பல்பு ஒன்றை எரியவிட்டு, அப்பகுதியை 30 டிகிரி அளவில் வைக்கலாம். மறுபாதி திறந்திருக்க வேண்டும்; வெப்பம் மிகுந்தால் கிளி விலகிச் செல்ல இடம் வேண்டுமல்லவா? துணி பல்பில் படாமல் பார்த்துக் கொள்க. மனிதருக்குரிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். 60 கிலோவுக்குச் செய்த மருந்தை 90 கிராமுக்கு எப்படிப் பங்கிடுவது?

நம் உடல்நலமும் கருதத்தக்கது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் 1929–30-இல் பல நாடுகளில் பரவிற்று. இன்று அதற்கு நல்ல மருந்து உண்டு. நோயுற்ற பறவையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். வாயோடு வாய் வைத்துத் தீனி கொடுக்காதீர்கள். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலும் இருமலும் நீடித்தால், ‘வீட்டில் கிளி இருக்கிறது’ என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

பச்சைக்கிளி வளர்ப்போருக்கு ஒரு சொல். நம் நாட்டுச் செந்தார்ப் பைங்கிளியை வீட்டில் அடைத்து வைப்பதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அச்சத்தால் மருத்துவரிடமும் காட்டாமல் ஒளித்து வைத்துச் சாகவிடுவதைவிட, வனத்துறையிடம் ஒப்படைப்பதே அந்தப் பறவைக்குச் செய்யும் நன்மை.

எல்லாம் செய்தும் போகும் உயிர்

மேற்சொன்னவற்றைச் செய்தால் கிளி பிழைத்துவிடுமா? உறுதி கூற இயலாது. உலகிலேயே மிகக் கவனமாகப் பேணப்பட்ட கிளிகளுள் ஒன்று அலெக்ஸ். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றுப் பின்னர் பறவைகளின் அறிவை ஆராயப் புகுந்த ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க அம்மையார், 1977-இல் ஒரு கடையில் அதை வாங்கினார். நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லக் கற்ற அலெக்ஸ், பறவையின் மூளை பற்றிய அறிவியலாரின் கருத்தையே மாற்றியது. 2007 செப்டம்பர் 6 காலையில் அது கூண்டில் இறந்து கிடந்தது. வயது 31. சில நாள்களுக்கு முன் செய்த மருத்துவப் பரிசோதனையில் குறை ஒன்றும் தென்படவில்லை. இரத்தக் குழாய்கள் தடித்த நோயோடு தொடர்புடைய திடீர் நிகழ்ச்சியே காரணம் என்று பின்னர் கூறப்பட்டது.

ஆராய்ச்சிக்கூடமும் மருத்துவர்களும் சூழ இருந்த அலெக்ஸுக்கே இப்படியெனில், ‘நாம் கவனித்திருந்தால்’ என்று இரவெல்லாம் புரளும் வாசகர் தம்மைச் சற்று மன்னித்துக் கொள்ளலாம். கவனக்குறை என்பது வேறு. அறியாமை என்பது வேறு. அறிந்த பின்னும் அளக்காமல் இருப்பதே கவனக்குறை.

குழந்தைக்குச் சொல்ல வேண்டியது

மிட்டு இறந்த காலையில், மகள் எழுமுன் புதைத்துவிட்டு ‘பறந்து போய்விட்டது’ என்று சொல்லிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் இசையவில்லை. பறந்துபோனது திரும்பி வரலாம் என்று குழந்தை சன்னலருகே காத்திருக்கும். அல்லது நம்மை வெறுத்துப் போய்விட்டது என்று நினைக்கும். இரண்டும் உண்மையைவிடக் கொடியவை. எழுந்ததும் சொன்னேன். தொட்டுப் பார்த்தாள். “சில்லுன்னு இருக்கே” என்றாள். உலை அணைந்துவிட்டது என்பதை அவளுக்கு வேறு சொற்களில் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் முழங்கை ஆழத்துக்கு மேல் குழி தோண்டிப் புதைத்தோம். பின்னர் கூண்டைக் கழுவி வெயிலில் காய வைத்தோம். வேறு பறவைகளும் உள்ள வீடாயின், புதைக்குமுன் இறந்த பறவையைப் பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியில், உறையவிடாமல் வைத்து, பிணப்பரிசோதனைக்குக் கொண்டு செல்வது நல்லது. ஒன்றின் சாவு மற்றவற்றைக் காக்க உதவும்.

ஒரு பறவைக்காக அழுவதா என்று கேட்போர் உண்டு. ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் கேட்ட ஒலியை நம் மூளை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. அந்த நேரம் வந்ததும் செவி தானே அதைத் தேடுகிறது. கிடைக்காதபோது உண்டாகும் வெறுமைக்கு, இழந்தது 68 கிராம்தான் என்ற கணக்கு ஆறுதல் தராது. எங்கள் வீட்டில் இப்போது குக்கர் விசில் கணக்குத் தவறுவதில்லை. அது சரியாக இருப்பதே சில நாள்கள் என் மனைவிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மறுநாளே இன்னொரு கிளி வாங்கி அந்த இடத்தை அடைக்க நாங்கள் முயலவில்லை. அலமாரியில் தராசு இருக்கிறது. வாங்கும் நாள் வந்தால், முதல் எண் அன்றே எழுதப்படும்.

மகளின் கேள்விக்குச் சில நாள் கழித்து விடை சொன்னேன்: “நேத்தும் அதுக்கு உடம்பு சரியில்லம்மா. அதுக்குச் சொல்லத் தெரியல; நமக்குப் பார்க்கத் தெரியல.” அவள் சற்று யோசித்துவிட்டு, “இப்பத் தெரியுமா, அப்பா?” என்றாள்.

உங்கள் வீட்டுக் கூண்டில் ஒரு கிளி இருக்குமாயின், நாளைக் காலை தீனி வைக்குமுன் அதை நிறுத்துப் பாருங்கள். தேதியோடு எழுதி வையுங்கள்.